வீசிங்: தமிழில் இரைப்பு

பெங்களூரு அல்சூர் பக்கம் எந்த கிளினிக்கிலும் குளிர்காலத்தில் இந்த ஆங்கில வார்த்தை தமிழ்ப் பேச்சில் காதில் விழும்: "பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் வீசிங், டாக்டர்."

காற்று வீசுவதோடு இதற்கு உறவில்லை. சீறுதல் என்று பொருள்படும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. குறுகிய மூச்சுக்குழாய் வழியாகக் காற்று போகும்போது எழும் சீழ்க்கை ஒலிதான் வீசிங். மூச்சுத்திணறலுக்கும் ஆஸ்துமாவுக்கும் அது மறுபெயர் அல்ல. நம்மவர்கள் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

டாக்டர்கள் இவற்றை எப்படிப் பிரித்தறிந்தார்கள்? எக்ஸ்ரே 1895-இல்தான் வந்தது. அதற்கு முன் மூச்சு முட்டி வருபவரிடம் டாக்டருக்கு உதவியவை காதும் விரலும்தான். அவுன்புருக்கர் என்ற வியன்னா மருத்துவர் நெஞ்சை விரலால் தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதினார். காற்றுள்ள இடம் கணீரென்று ஒலிக்கும், நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது.

சீழ்க்கை கேட்டால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது. நுரையீரலின் அடியில் பொரிவது போல் கேட்டு, வீங்கிய காலை அழுத்தினால் குழி விழுந்து, ஆள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தால் இதயத்தின் மேல் சந்தேகம். இதய நோயிலும் சில சமயம் சீழ்க்கை வரும், அதனால்தான் காலையும் பார்த்தார்கள்.

மருந்தும் அதற்கேற்ப மாறியது. ஆஸ்துமாவுக்குக் கடுங்காப்பியும் ஊமத்தைப் புகையும் கொடுத்தார்கள். அந்தப் புகை வைத்தியம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குப் போனது. (ஊமத்தை நஞ்சு. வீட்டில் முயலவே கூடாது.) இதயத்தால் நீர் கோத்தவருக்கு டிஜிடாலிஸ் என்ற செடியின் இலை, அதைப் பற்றி விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785-இல் விரிவாக எழுதினார்.

சரி, தமிழில் என்ன? பாட்டிமார் 'இழுப்பு' என்பார்கள். வலிப்பையும் அப்படித்தான் சொல்வதால் அவசர நேரத்தில் குழப்பம் வரும். என் தேர்வு இரைப்பு. இரைதல் என்றால் ஒலித்தல், இரைச்சலும் அதே வேர்தான். ஆஸ்துமாவுக்கு ஈளை என்ற பழஞ்சொல் உண்டு. டாக்டரிடம் "இரைப்புச் சத்தம் கேட்குது", "படுத்தா மூச்சு முட்டுது" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இன்றும் அவர் முதலில் கேட்க விரும்புவது அதைத்தான்.