யூஎஸ்பி டிரைவ் மவுன்ட் ஆகாத இரவில் பேக்கப் எங்கே போகிறது?

"ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) நிரம்பிவிட்டது, டேட்டாபேஸ் நின்றுவிட்டது" என்று யாராவது அழைத்தால், லாக் ஃபைல்களைத் தோண்டுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: சர்வரில் யூஎஸ்பி டிரைவ் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? "ஆமாம், பேக்கப்புக்கு" என்று பதில் வந்தால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

லினக்ஸில் டிரைவை ஒரு காலி டைரக்டரியின் (ஃபோல்டரின்) மேல்தான் மவுன்ட் செய்கிறோம், அதாவது அந்தப் பாதை வழியாக டிரைவைத் திறக்கிறோம். ரீபூட்டின்போது டிரைவ் எழாவிட்டாலும் அந்த டைரக்டரி அங்கேயேதான் இருக்கும். இரவு, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடும். எழுதச் சொன்ன பாதை இருக்கிறது, எழுதிவிடும். பிழை எதுவும் வராது. ஆனால் அத்தனையும் போய்ச் சேர்வது ரூட் டிஸ்கில். அப்புறம் யாரோ டிரைவைச் சரிசெய்து மவுன்ட் செய்தால் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும். டிஸ்கில் நிரம்பிய இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிறைந்தது என்கிறது, ஃபைல்களின் அளவைக் காட்டும் டியூவால் கூட்டினால் கணக்கு வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது இப்படித்தான். டிரைவை அன்மவுன்ட் செய்துவிட்டு அதே டைரக்டரிக்குள் பாருங்கள், குப்பை தெரியும்.

இதைத் தடுக்க, பூட்டின்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலிலிருந்து தொடங்க வேண்டும். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற டிரைவ் பெயர்களை அதில் எழுதாதீர்கள். இன்று ஒன்றாக இருப்பது அடுத்த பூட்டில் இன்னொன்றாகும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை (தனி அடையாள எண்ணை) போடுங்கள். கூடவே நோஃபெயில் என்ற ஆப்ஷன் வேண்டும். அது இல்லாமல் டிரைவும் இல்லையென்றால் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் எழாது, யாராவது நேரில் போய் கன்சோல் பார்க்க வேண்டியதுதான். இந்த ஆப்ஷனைப் போட்டால் சர்வர் எழுந்துவிடும், சரி. ஆனால் டிரைவ் இல்லாமலே சத்தமில்லாமல் எழுவதால், மேலே சொன்ன விபத்துக்கு வழிவிடுவதும் இதுவே. பல வழிகாட்டிகள் நோஃபெயிலோடு நிறுத்திவிடுகின்றன என்பது எனக்குள்ள குறை.

ஆகவே இரண்டு தடுப்பு போடுகிறேன். டிரைவ் மவுன்ட் ஆகாத நிலையில், அந்தக் காலி டைரக்டரியில் சிஹெச்ஏடிடிஆர் கட்டளையால் பிளஸ் ஐ (மாற்றத் தடை) கொடியை ஏற்றிவிடுவேன். அதன்பின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரால்கூட அங்கே எதையும் உருவாக்க முடியாது. மேலே டிரைவை மவுன்ட் செய்வதற்கு மட்டும் தடையில்லை. மவுன்ட் ஆகியிருக்கும்போது இதைச் செய்தால் கொடி டிரைவின் மேல்மட்ட டைரக்டரிக்குப் போய்விடும், கவனம். இரண்டாவது, பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுன்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்து, டிரைவ் இல்லையென்றால் மெயில் அனுப்பிவிட்டு நிற்க வைப்பது.

ஃபார்மேட் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், எக்ஸ்ட்4 போதும். கடையிலிருந்து வரும் டிரைவ்களில் பொதுவாக எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் ஃபைலின் உரிமையாளர், பெர்மிஷன் எதுவும் தங்காது. ரீஸ்டோர் செய்யும் நாளில் அது பெரிய தலைவலி. எக்ஸ்ட்4 ரூட் யூசருக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கிவைக்கும். 4 டிபி டிரைவில் அது சுமார் 200 ஜிபி. பேக்கப் டிரைவுக்கு அது தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளையால் பூஜ்யமாக்கிவிடலாம்.

டிரைவ் அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வந்தால், டிரைவைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சுழலும் டிஸ்க் கிளம்பும் நேரத்தில் இதைவிட அதிகம் கேட்கலாம். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜில் ரீசெட், டிஸ்கனெக்ட் என்று வரிசையாக வந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப்பை வைத்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை: டிரைவைக் கழற்றிவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ரீபூட் செய்யுங்கள். சர்வர் எழ வேண்டும், பேக்கப் ஓட மறுக்க வேண்டும், மெயில் வர வேண்டும்.