பெடிக்கிள்: காம்பா, தாளா?

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தாலே மருத்துவர் வாயில் வரும் சொல் பெடிக்கிள். "கீழ்ப் பெடிக்கிள் முறையில் செய்யலாம்" என்பார். ஆறாத கழுத்துவலி, தோளில் பிரா பட்டை பதித்த பள்ளம், மார்பின் அடிமடிப்பில் திரும்பத் திரும்ப வரும் புண் என்று அவதிப்பட்டுப் போன பெண்ணுக்கு அந்தச் சொல் புரிந்தாக வேண்டும். அவளுடைய முலைக்காம்பு பிழைப்பது அதை நம்பித்தான்.

இலத்தீனில் 'பெஸ்' என்றால் பாதம். அதன் சிறுமை வடிவம் 'பெடிக்குலுஸ்', அதாவது சின்னப் பாதம். பழத்தையும் இலையையும் தாங்கும் காம்புக்கும் அதுவே பெயர். அறுவை மருத்துவத்தில், முழுக்க அறுத்தெடுக்காமல் இரத்தக்குழாயும் நரம்பும் உள்ளே ஓடும்படி உடலோடு விட்டுவைக்கும் திசுவைக் குறிக்கிறது.

தமிழில் காம்பு என்று சொல்லிவிடலாமே? மற்ற இடங்களில் சரி. இங்கே 'காம்பைத் தாங்கும் காம்பு' என்று குழம்பிவிடும். நம்மிடம் இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது: தாள். 'நற்றாள் தொழாஅர்' என்று குறள் சொல்லும்போது அது பாதம். நெல்தாள் என்னும்போது தண்டு. இலத்தீன் சொல்லில் இருக்கும் அதே இரட்டைப் பொருள்! ஆனால் திசுத்தாள் என்றால் கை துடைக்கும் காகிதம்தான் நினைவுக்கு வரும். அதனால் 'ஊட்டத்தாள்' என்பதே என் தேர்வு. வேரிலிருந்து கதிருக்கு நீர் ஏறுகிற வழி நெல்தாள். இதுவும் அப்படித்தான்.

மார்பகத்தில் அதிகமான தோலையும் கொழுப்பையும் சுரப்பியையும் நீக்கி, முலைக்காம்பை மேலே ஏற்ற வேண்டும். எந்தப் பக்கத்துத் திசுவை விட்டுவைப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. 1960-இல் ஸ்ட்ராம்பெக் என்ற அறுவை மருத்துவர் இரு பக்கவாட்டிலும் தாள் விட்டார். 1972-இல் மெக்கிசாக் மேலும் கீழுமாக விட்டார். 1977-இல் ராபின்ஸ் எழுதிய கீழ்த்தாள் முறை பிறகு பரவலாக நிலைபெற்றது. அதில் தாளின் மேல்தோலை மட்டும் சீவிவிட்டு, அடியில் நெஞ்சோடு ஒட்டியபடியே வைத்திருப்பார்கள். மேல்தாள், மேல்-உள்தாள் முறைகளும் வழக்கில் உண்டு.

மிகப் பெரிய மார்பகத்தில்தான் சிக்கல். ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டிய நிலையும் வரும். முலைக்காம்பு வெகுவாகத் தொங்கியிருந்தால் தாள் நீளும். நீள நீள அதன் நுனிக்குப் போகும் இரத்தம் குறையும். முலைக்காம்பு கருகிப்போகவும் கூடும். புகைபிடிப்பவருக்கும் கட்டுப்படாத நீரிழிவு உள்ளவருக்கும் அந்த ஆபத்து கூடுதல். அப்போது சிலருக்கு 1922-இல் தோரெக் விவரித்த பழைய வழிக்கே போகிறார்கள்: முலைக்காம்பைத் தனியாக எடுத்து, புதிய இடத்தில் தோலொட்டு போல வைத்துத் தைப்பது. இதைத் 'தாளில்லா ஒட்டு' எனலாம். தாள் இல்லை என்று கேட்டதுமே, பாலூட்ட முடியாது, பழைய உணர்ச்சியும் பெரும்பாலும் திரும்பாது, நிறமும் வெளுக்கலாம் என்பதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வது எளிது.