ஒக்கவாங்கோவிலிருந்து திரும்பிய பிறகு வரும் காய்ச்சல்

ஐந்து நாள் காய்ச்சலோடு வந்தார் அவர். 56 வயது. ரத்தக் கொதிப்பு மாத்திரை தவிர வேறு மருந்து தெரியாத உடம்பு. முதலில் பார்த்த இடத்தில் வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள். பிளேட்லெட் 68,000-க்கு இறங்கியதும், டெங்குவாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். சென்னையில் யாருக்கும் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். நானும் அந்த வழியிலேயே யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சொன்னார்: "போன மாசம்தான் டாக்டர் ஆப்பிரிக்கா போயிட்டு வந்தோம். ஒக்கவாங்கோ. அங்க நல்லாத்தான் இருந்தார்."

ரத்தத்தில் இருந்தது ஃபால்சிபாரம் மலேரியா. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாகக் கிருமிகள். அன்றே ஐசியூவில் சேர்த்து, மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசி போட்டோம், பிழைத்துக்கொண்டார். மலேரியாக்களில் மிக மோசமானது இது. சிகிச்சை தள்ளிப்போனால் மூளையையும் சிறுநீரகத்தையும் ஓரிரு நாளில் பிடித்துவிடும்.

தடுப்பு மாத்திரை சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "ரெண்டு பேரும் சாப்பிட்டோமே. ஊருக்கு வந்து இறங்கினதும் நிறுத்திட்டோம். இனிமே எதுக்குன்னு நினைச்சோம்." மனைவிக்கு நோய் வரவில்லை, அது அதிர்ஷ்டம்.

அவர்கள் சாப்பிட்டது டாக்ஸிசைக்ளின். கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கேயே பெருகிவிட்டு, பிறகுதான் ரத்தத்தில் இறங்குகிறது. கல்லீரலில் இருக்கும்வரை காய்ச்சல் இருக்காது, பரிசோதனையிலும் தெரியாது. டாக்ஸிசைக்ளின் முக்கியமாக ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் அடிக்கும். கடைசி இரவு கடித்த கொசுவின் கிருமி வெளியே வரும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அந்த நேரத்தில் உடம்பில் மருந்து இருக்க வேண்டும். அதனால்தான் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிடச் சொல்கிறோம். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரை கல்லீரலிலேயே கிருமியை அழிப்பதால், வந்த பிறகு ஏழு நாள் போதும். விலை அதிகம், ஆனால் பாதியில் விடும் ஆபத்து குறைவு. இரண்டையுமே கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். நம் ஊரில் மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்தைத் தடுக்காது. அதை நம்பிப் போகாதீர்கள்.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கோலா மலைகளில் பிறக்கும் ஒக்கவாங்கோ ஆறு கடலுக்குப் போவதே இல்லை. போட்ஸ்வானாவில் கலஹாரி பாலைவன மணலில் டெல்டாவாக விரிந்து, நாணலும் தீவுகளும் ஓடைகளுமாகப் பரவி, அங்கேயே வற்றிவிடுகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது இந்த டெல்டாதான். அங்கோலாவில் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்யும் மழைநீர் மெல்ல நகர்ந்து வந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டெல்டாவை நிரப்புகிறது. அப்போது அங்கே மழையே இல்லாத குளிர்காலம், கொசுவும் குறைவு. பயணிகள் தங்கும் கேம்ப்களில் கட்டணம் உச்சத்தில் இருப்பதும் அந்த மாதங்களில்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம், விலை இறங்கும். என் நோயாளி போனது மார்ச்சில். வட போட்ஸ்வானாவில் மலேரியா அதிகம் இருப்பது நவம்பர் முதல் ஜூன் வரை. மழைக்காலத்தில் போகக் கூடாது என்று சொல்லவில்லை, டெல்டா பச்சைப் பசேலென்று இருக்கும் காலம் அது. மாத்திரையை மட்டும் விடாதீர்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தையோடு இருப்பவர்களும் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

நானும் அங்கே நான்கு இரவுகள் தங்கியிருக்கிறேன், ஒரு ஜூலையில். மரத்தளத்தின் மேல் கான்வாஸ் கூடாரம், உள்ளே வெள்ளைப் படுக்கை, வெந்நீர்க் குளியலறை. நம் ஊர் நட்சத்திர ஓட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் கேம்பைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டியதும் டார்ச்சோடு கைடு வந்து அழைத்துப் போனால்தான் சாப்பாட்டுக்குப் போக முடியும். கட்டில் பக்கத்தில் ஓர் ஊதல் வைத்திருந்தார்கள், அவசரம் என்றால் ஊத வேண்டும். இரண்டாம் இரவு கான்வாஸுக்கு அந்தப் பக்கம் 'பர்ர், பர்ர்' என்று புல்லைப் பிய்க்கும் சத்தம், நடுவில் ஒரு பெரிய மூச்சு. நீர்யானை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. அசையாமல் படுத்திருந்தேன். அந்தச் சத்தத்தை இன்றும் மறக்கவில்லை. குளிரும் அப்படித்தான், ஜூலை விடியலில் ஸ்வெட்டர் இல்லாமல் ஜீப்பில் ஏறவே முடியாது.

சூரியன் மறையும் நேரத்தில் ஜீப்பைத் தண்ணீர் ஓரம் நிறுத்தி, கையில் ஒரு கோப்பை பானம் கொடுப்பார்கள். மிக அழகான நேரம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு கடிக்கத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான், விடியும்வரை கடிக்கும். அதற்கு முன்பே முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், சாக்ஸ் மாட்டிக்கொண்டு, திறந்திருக்கும் இடத்தில் டீட் கலந்த கொசு விரட்டி பூசிவிடுங்கள். வலையைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. போட்ஸ்வானாவின் மாவுன் நகரிலிருந்து கேம்புக்குச் சிறிய விமானத்தில்தான் போக வேண்டும். இறங்கும் இடம் மண் ஓடுதளம், விளக்கு கிடையாது. இரவில் நெஞ்சு வலி வந்தால் விடியும்வரை விமானம் வராது. சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் கட்டாயம் முதலில் டாக்டரைப் பாருங்கள். மருத்துவ விமானச் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். பெரும்பாலும் கைப்பை உட்பட 20 கிலோதான் அனுமதி, அதுவும் மெத்தென்ற பையில். எதைக் குறைத்தாலும் மருந்தைக் குறைக்காதீர்கள். இன்சுலினைக் கையிலேயே வைத்துக்கொண்டு, போனதும் கேம்ப் சமையலறை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.

கென்யாவையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

அப்புறம், திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் நாடி பிடிப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா பாருங்கள்." முதல் ஸ்மியரில் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) தெரியவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கோடு ஒரு சின்னப் புண் இருந்தால் அதையும் காட்டுங்கள். புல்வெளி உண்ணி கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

அந்தத் தம்பதி போன மாதம் மறுபடி வந்தார்கள், இந்த முறை ஜாம்பியா. மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்குக் கீழே, நிறுத்த வேண்டிய கடைசித் தேதியை எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தேன். மனைவி அதை வாங்கி, அங்கேயே போனில் அலாரம் வைத்தார்.