குடலுக்கும் சேர்த்துப் போகும் உத்தரவு

பென்னாகரம் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். அடுப்படியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் மூன்று, ஒன்றுகூட உடைக்காமல் இருந்தன. "அதப் போட்டா மூணு நாளைக்கு வெளிக்கே போக மாட்டேங்குதுக்கா. நர்சம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

இந்த மலச்சிக்கலில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஆனால் அது வருவதற்கு முன்பே குடல் மெதுவாகிவிட்டிருக்கும். கரு தங்கியதுமே புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. கருப்பை நாள் வருவதற்குள் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கியமான வேலை. கருப்பையின் சுவர் மென்தசை. நாம் நினைத்தபடி அசைக்க முடியாத வகை. குடல் சுவரும் அதே வகைதான். ரத்தத்தோடு போகிற ஹார்மோன் ஆள் பார்த்து வேலை செய்யாது. 'சும்மா இரு' என்று கருப்பைக்குப் போன உத்தரவு குடலுக்கும் சேர்த்தே போய்விடுகிறது.

குடல் மெதுவானால் மலம் ஏன் இறுகுகிறது? சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர்த்த கூழ் வந்து சேரும். அதில் பெரும்பகுதித் தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லி இருந்தால் அதிகம். கூழ் கூடுதல் நேரம் அங்கே தங்கினால் இந்த மிச்சமும் போய்விடும். காலையில் கிண்டிய களி உருண்டையை மூடாமல் சாயங்காலம் வரை தட்டில் விட்டுப் பாருங்கள், அதுதான் இது. கடைசி மாதங்களில் கனத்த கருப்பை மலக்குடல்மேல் அழுத்துவது தனிக் கதை.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அரசு கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொள்வது அதில் சிறு பகுதியைத்தான். மிச்சம் குடலிலேயே தங்கிச் சிலருக்கு மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இரும்பை விட்டுவிட்டால் ரத்தசோகை வரும், அந்த உடம்பு பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்காது. அதனால் மறைக்காமல் நர்சம்மாவிடம் சொல்வதுதான் சரி. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாதவர்கள் ராத்திரி சாப்பிட்டபின் போடலாம். மாத்திரையையே மாற்றித் தரவும் வழி உண்டு. டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து மட்டும் போடக் கூடாது. இரண்டுமே இரும்பை உடம்பில் சேர விடாது.

சாப்பாட்டில் நம் ஊருக்குக் குறையே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து; தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. சிக்கல் எங்கே என்றால், நார் தண்ணீரை இழுத்து உப்பினால்தான் மலம் இளகும். களியும் கீரையும் தின்றுவிட்டு நாளெல்லாம் இரண்டு சொம்பு தண்ணீரோடு நிறுத்தினால் வயிறு இன்னும் கல்லாகிவிடும். தங்கை அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு, இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிக்க அந்தத் தண்ணீர் இருக்கும்போது போர் தண்ணீர் எதற்கு?

அடக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். காலையில் வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் தானாக ஒருமுறை தள்ளும். ஓசூரில் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்களுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் ஓட்டம். அப்போது அடக்கியது திரும்ப வர அடுத்த நாள் ஆகலாம், அதற்குள் தண்ணீர் வற்றிவிடும். அரை மணி முன்னால் எழுந்து ஒரு டம்ளர் கூழ் குடித்துவிட்டு உட்காருவது எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை. உட்காரும் முறையும் முக்கியம். குந்தி உட்கார்ந்தால் மலக்குடலைக் கொக்கி போல வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகும். தங்கை வீட்டில் புதிதாக வெஸ்டர்ன் போட்டிருக்கிறார்கள். காலடியில் வைக்க ஒரு குட்டை ஸ்டூல் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் மாமியார் நல்ல மனசோடு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். அதைத்தான் நான் ஓடிப்போய்த் தடுத்தேன். விளக்கெண்ணெயில் இருக்கும் ரிசினோலிக் அமிலம் குடலின் மென்தசையைத் தூண்டித்தான் பேதியாக்குகிறது. அது தொடுகிற அதே ஏற்பி (உத்தரவை வாங்கிக்கொள்ளும் புரதம்) கருப்பைத் தசையிலும் இருப்பதை 2012இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டினார்கள். ஹார்மோன் ஒருசேர அடக்கி வைத்த இரண்டையும் இந்த எண்ணெய் ஒருசேர எழுப்பிவிடப் பார்க்கும். "பேர்லயே விளக்கு இருக்கு அத்தை, சாமிக்கு ஊத்துங்க" என்றேன். சிரித்துவிட்டார்.

சாப்பாடும் தண்ணீரும் போதாதென்றால் டாக்டரைக் கேட்டு, மலத்தை இளக்கும் இசப்கோல் உமியோ லாக்டுலோஸ் சிரப்போ எடுக்கலாம். மலத்தில் ரத்தம், தார் போல ஒட்டும் மலம், விட்டு விட்டு இறுக்கும் வயிற்று வலி, வாந்தியோடு வயிறு உப்புவது, இவற்றில் எது வந்தாலும் மலச்சிக்கல்தானே என்று வீட்டில் இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.