பழைய ஜாஸ் ட்ரொம்போன் வாங்கும் முன்

ட்ரொம்போன் என்பது பித்தளை ஊதுகருவி. கொழும்பில் பழையது ஒன்று விலைக்கு வந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் அதன் விரிந்த வாயான பெல்லுக்குத்தான் போகும். அது பளபளவென்று இருந்தால் நன்றாகத் திருத்திய கருவி, கறுத்திருந்தால் கழிவு என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் முன்னும் பின்னும் நகரும் குழாயான ஸ்லைடைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்பேன். ஏன் என்று விளங்க, இந்தக் கருவி எப்படிப் பேசுகிறது என்று தெரிய வேண்டும்.

ட்ரொம்போனில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. அதோடு சேர்ந்து குழாய்க்குள் இருக்கும் காற்று ஊசலாடுகிறது. அலை பெல்லை அடைந்ததும் முழுவதும் வெளியே போய்விடுவதில்லை. ஒரு பங்கு திரும்பி உதட்டுக்கே வருகிறது. போகிற அலையும் வருகிற அலையும் ஒத்துப்போகும் சில அதிர்வெண்களில்தான் நாதம் நிற்கும். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அவற்றில் ஒன்றைப் பிடிக்கலாம். இடையிலுள்ள சுரங்களுக்குக் குழாயின் நீளத்தை மாற்ற வேண்டும். அதற்குத்தான் ஸ்லைடு.

ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுத்து வைத்தால் வழக்கமான வகையான டெனர் ட்ரொம்போனின் நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர். அரைச்சுரம் இறங்க நீளம் 6 சதவீதம் அளவில் கூட வேண்டும். ஸ்லைடு இரட்டைக் குழாய் என்பதால் கை அதில் பாதித் தூரம் நகர்ந்தால் போதும். ஸ்லைடு முழுவதும் உள்ளே இருப்பது முதல் நிலை, அரைச்சுரம் இறங்க இறங்க அடுத்தடுத்த நிலை, மொத்தம் ஏழு. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு 8 செ.மீ. அளவு. குழாய் நீள நீள அந்த 6 சதவீதமும் பெரிதாகும். ஆறாம் நிலையிலிருந்து ஏழுக்குப் போக 11 செ.மீ. வரை வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்குக் கோடோ கட்டையோ கிடையாது, காதுதான் சொல்ல வேண்டும். கர்நாடக இசையில் சுரத்துக்குச் சுரம் வழுக்கும் ஜாருவும் அசைக்கும் கமகமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வாத்தியம் சட்டென்று பிடித்துப்போவதில் வியப்பில்லை.

சரி, பழைய ஜாஸ் ட்ரொம்போனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தேடல்? 1963 இல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் தன் குழுவோடு கொழும்புக்கு வந்தபோது ட்ரொம்போன் வரிசையில் லோரன்ஸ் பிரவுன் இருந்தார். அந்தத் தலைமுறையின் ஜாஸ் கருவிகள் பெரும்பாலும் ஒடுக்கமான குழாய் கொண்டவை. அவற்றில் பெயர்பெற்ற மாதிரியான கிங் 2பி-யின் உள்விட்டம் 12.2 முதல் 12.5 மி.மீ. இன்றைய சிம்பனிக் குழுக்களில் வழக்கமாக வாசிக்கப்படுவது 13.9 மி.மீ. வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் குழாயின் குறுக்குப் பரப்பில் அது ஏறத்தாழ கால் பங்கு.

ஒடுக்கமான குழாயில் அதே பலத்தோடு ஊதினால் காற்றழுத்தம் கூடுதலாக ஏறும். அழுத்தம் மிகும்போது ஒலியலையின் முகடு பள்ளத்தைவிடச் சற்று வேகமாக ஓடும், ஏனென்றால் நெருக்குண்ட காற்று கொஞ்சம் சூடாக இருக்கிறது, தானும் முன்னோக்கி நகர்கிறது. மீட்டர் கணக்கில் ஓடும்போது முகடு முன்னுக்கு வந்து அலையின் முகம் செங்குத்தாகிவிடும். காலிமுகத்திடலில் கரையை நெருங்கும் அலை நிமிர்வதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே உருவம். செங்குத்தான அலையில் உயர் அதிர்வெண்கள் நிறைய இருக்கும். காதுக்கு அது அந்த வெண்கலக் கூர்மையாகக் கேட்கிறது. பலமாக வாசிக்கும் ட்ரொம்போனுக்குள் அழுத்தம் ஒரே தாவலாக ஏறும் உண்மையான அதிர்ச்சி அலையே உருவாகிறது என்பதை ஹிர்ஷ்பெர்க் என்பவரும் சகாக்களும் 1996 இல் அளந்து காட்டினார்கள். ஒடுக்கமான கருவி இந்தக் கூர்மைக்குச் சீக்கிரமே வந்துவிடும். அதனால்தான் டிரம்ஸுக்கும் சாக்சபோன்களுக்கும் நடுவிலும் அதன் குரல் தனியாகக் கேட்கிறது.

ஆகவே குழாய் காற்றுப் புகாமலும் நேராகவும் இருப்பதே பெரிய விஷயம். உள்குழாய் முழு நீளத்துக்கும் வெளிக்குழாயில் உரசுவதில்லை. நுனியில் அரைச் சாண் அளவுக்குச் சற்றுத் தடித்த பகுதி இருக்கும், அதுதான் தொடும். அந்தப் பகுதியின் முலாம் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் ஒரு நீட்டுக் குழல் விளக்கின் கீழே வெளிக்குழாயைப் பிடித்து, மேலே விழும் ஒளிக்கோட்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கோடு எந்த இடத்தில் நெளிகிறதோ அங்கே குழாயும் நெளிந்திருக்கிறது. பெல்லில் பெரிய நசுங்கல் இருந்தாலும் வாசிக்கலாம். ஸ்லைடில் அரிசியளவு நசுங்கல் இருந்தால் கை சிக்கும்.

திருத்த வேலையில்தான் நல்ல கருவிகள் பல வீணாகின்றன. குழாய்களை இணைக்கும் தாங்குகம்பி கழன்றுவிட்டது என்று செட்டியார் தெருவில் நகைப் பட்டறைக்குக் கொண்டுபோகத் தோன்றும். அங்குள்ளவர்கள் கைதேர்ந்தவர்கள்தான், ஆனால் நகையை ஒட்டும் பற்றாசு உருக 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பித்தளை இளகி விறைப்பை இழக்கும். ஸ்லைடு பிறகு நேராகவே நிற்காது. ட்ரொம்போனின் கம்பிகளை ஒட்டுவது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. அது 183 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும்.

குத்துவிளக்குக்குப் போடும் புளியும் சாம்பலும் இதற்கு வேண்டவே வேண்டாம். சாம்பல் உலோகத்தைச் சுரண்டும். புளியின் அமிலம் மூட்டுகளில் தங்கினால் அரிக்கும். அமோனியா கலந்த பொலிஷ் இன்னும் மோசம். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையில் அமோனியா விரிசல் விழ வைக்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை அண்டி வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே பிளந்ததற்குக் காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான்.

உட்பக்கத்தையும் பாருங்கள். எச்சில் ஈரமும் உப்பும் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்தெடுத்தால் செம்பு மிஞ்சி, இளஞ்சிவப்புப் புள்ளி தெரியும். அது உள்ளேயிருந்து வெளியே வருவது, மினுக்கினால் போகாது. கடற்காற்றும் ஈரப்பதமும் கூடிய வெள்ளவத்தை போன்ற இடத்தில் இருப்பவர்கள் வாசித்த கையோடு ஸ்லைடில் தண்ணீரை வடித்து, துணியால் உள்ளே துடைத்து, காய்ந்த பிறகே பெட்டியை மூட வேண்டும். சேகரிப்பவருக்கு அசல் வார்னிஷும் தொடர் எண்ணும் பெரிது. வாசிக்க வாங்குபவர் தேய்ந்த வார்னிஷைப் பொருட்படுத்தாமல், நல்ல ஸ்லைடு உள்ளதையே எடுக்கலாம்.