பேய்த் துப்பாக்கி அல்ல, தொடரெண் இல்லாத் துப்பாக்கி

அமெரிக்கச் செய்திகளில் ‘கோஸ்ட் கன்’ என்று வந்தாலே ‘பேய்த் துப்பாக்கி’ என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. பேய்மழை, பேய்க்காற்று என்றால் கடுமை. பேய்ச்சுரை என்றால் வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்த வரிசையில் பேய்த் துப்பாக்கி என்று படித்தால் வெறிகொண்டு சுடும் கருவி என்றுதான் தோன்றும். மூலச்சொல் குறிப்பதோ, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க முடியாத துப்பாக்கியை.

துப்பாக்கி துருக்கி மொழி வழி வந்த சொல். ‘கோஸ்ட் கன்’ 2014-ல் கலிபோர்னியச் சட்டமன்ற விவாதத்தை ஒட்டிப் பரவலாயிற்று.

பொருளின் வேர் தொடரெண்ணில் இருக்கிறது. 1968-ன் கூட்டாட்சிச் சட்டப்படி உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் எண் பொறிக்க வேண்டும். குற்ற இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை வைத்து ஆலை, மொத்த வணிகர், கடைக்காரர் என்று போய், கடையிலுள்ள படிவத்தில் முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். எண் இல்லையென்றால் முதல் படியே இல்லை.

இதற்குப் ‘பதிவெண் இல்லாத’ என்பது பொருந்தாது. துப்பாக்கிகளுக்குத் தேசியப் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-ன் சட்டம் தடுத்திருக்கிறது. ‘எண்ணிலித் துப்பாக்கி’ என்றால் கணக்கற்ற துப்பாக்கி என்றாகும். அரசு ஆவணச் சொல்லான ‘பிரைவேட்லி மேட் ஃபயர்ஆர்ம்’ என்பதைத் ‘தனியார் தயாரித்த துப்பாக்கி’ என்று பெயர்ப்பது இன்னும் மோசம். தனியார் என்றால் நமக்குத் தனியார் நிறுவனம்தான்; மூலம் சொல்வதோ தனிமனிதரை.

‘கள்ளத் துப்பாக்கி’தான் மிகப் பெரிய கேடு, ஏனென்றால் அது தீர்ப்பே எழுதிவிடுகிறது. துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத அமெரிக்கர், விற்கும் நோக்கமின்றித் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டால் கூட்டாட்சிச் சட்டப்படி அது பொதுவாகக் குற்றமல்ல. எண் பொறிக்கும் கடமையும் அவருக்கு இல்லை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில்தான் அரசிடம் எண் கேட்டுப் பெற வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்வதென்றால் அதில் 3.7 அவுன்ஸ் எஃகு பதிந்திருக்கவும் வேண்டும். இப்படி விதிப்படி நடக்கும் உரிமையாளரையும் கள்ளர் என்று எழுதுவது அநீதி. ஆலையில் பொறித்த எண்ணை அரத்தால் தேய்த்தது வேறு குற்றம். அதற்கு ‘எண் அழித்த துப்பாக்கி’ என்ற சொல் போதும்.

‘நாட்டுத் துப்பாக்கி’யும் உதவாது. நம் ஊரில் அது பெரும்பாலும் குழலின் வாய்வழி வெடிமருந்தைப் போட்டு இடிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் குறிக்கிறது. உரிமம் பெற்றதும் அதில் உண்டு. இந்தியாவில் 1959-ன் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வதே குற்றம். அந்த நிலையை அமெரிக்கச் செய்திக்குள் புகுத்தக் கூடாது.

ஆகவே ‘தொடரெண் இல்லாத் துப்பாக்கி’ என்றே எழுதுங்கள். தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமானால் ‘தடமிலித் துப்பாக்கி’.

பெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதுதான் இத்தனைக்கும் காரணம். ‘ரிசீவர்’ என்பதைப் ‘பெறுநர்’ என்று எழுதியதையும் படிக்க நேர்கிறது! அது சுடும் பொறி அமர்ந்திருக்கும் உடல்பகுதி. சட்டத்தின் கண்ணில் அதுவே துப்பாக்கி. முழுமையாகச் செய்து முடிக்காத உடல்பகுதியும், அது அடங்கிய உதிரித் தொகுப்பும் எந்தக் கட்டத்தில் துப்பாக்கியாகும் என்பதே அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் 2022-ன் விதியைச் சுற்றி நடந்த வழக்கு. 2025 மார்ச் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை நிலைநிறுத்தியது. ‘பெறுநர்’ என்று படித்தவருக்கு இந்த வழக்கில் ஒரு வரிகூடப் புரிந்திருக்காது.