இலை ஒட்டும் கெரெங்கா

பினாங்கில் ரம்புத்தான் மரமோ மாமரமோ இருக்கும் வீடுகளில் கெரெங்கா எறும்பைத் தெரியாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கடி வாங்கியிருப்பார்கள்! அடுத்த முறை அந்த மரத்தைச் சற்றுத் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சை இலைகள் சில ஒன்றுசேர்ந்து பந்துபோல உருண்டிருக்கும். இடுக்குகளில் வெள்ளைத் துணி ஒட்டியதுபோலத் தெரியும். அதுதான் கெரெங்காவின் வீடு. அதைக் கட்டிய எறும்புகளில் பெரியதே 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம்தான். சிறியவை அதில் பாதி.

கெரெங்கா என்பது மலாய்ப் பெயர். தமிழில் இதை முசுறு என்பார்கள்.

வீடு கட்ட முதலில் இலையை வளைக்க வேண்டும். ஓர் எறும்பு பின்கால்களை ஓர் இலையில் ஊன்றி, பக்கத்து இலையின் விளிம்பைத் தாடையால் கவ்வி இழுக்கும். இலை கொஞ்சம் அசைந்துகொடுத்தால் போதும், மற்ற எறும்புகளும் அங்கே ஓடிவந்து வரிசையாக நின்று இழுக்கும். இரண்டு இலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓர் எறும்பின் நீளத்தைவிட அதிகமாக இருந்தால்? ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விக்கொள்ளும். அந்த இடுப்பை அடுத்தது கவ்வும். இப்படி உயிருள்ள சங்கிலி ஒன்று தொங்கும். இலை நெருங்கி வர வர, சங்கிலியும் குட்டையாகிக்கொண்டே வரும்.

விளிம்புகள் தொட்டுக்கொண்டாலும் வேலை முடியவில்லை. பிடியை விட்டால் இலை பழையபடி விரிந்துவிடும். அதனால் ஒரு கூட்டம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு கூட்டம் பழைய கூட்டுக்கு ஓடி, வெள்ளைப் புழுக்களைத் தூக்கி வரும். அவை அந்தக் குடும்பத்தின் குழந்தைகள். வளர்ந்த எறும்பிடம் பட்டுநூல் கிடையாது. புழுவிடம்தான் இருக்கிறது.

பெரிய எறும்பு புழுவின் நடுவுடலைத் தாடையால் மென்மையாகப் பிடித்து, அதன் தலையை இலை விளிம்பில் வைக்கும். பிறகு தன் உணர்கொம்புகளால் தலையைத் தட்டும். உடனே புழுவின் வாயடியிலிருந்து மெல்லிய நூல் சுரந்து இலையில் ஒட்டும். நூல் அறாமல் புழுவை எதிர் இலைக்குக் கொண்டுபோய் அங்கும் தொடவைக்கும். மறுபடி இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். புழுவோ குச்சிபோல அசையாமல் கிடக்கும். நீங்கள் பள்ளியில் பசைக்குழாயைப் பிடித்துத் தாளில் இழுப்பீர்களே, ஏறக்குறைய அதே வேலைதான். இழைகள் சேரச் சேர வெள்ளைத் திரையாகிவிடும்.

எல்லாப் புழுவும் இதற்கு உதவாது. சின்னப் புழுவிடம் போதிய நூல் இருக்காது. கூட்டுப்புழுவாக மாறப்போகும் கடைசிப் பருவத்துப் புழுதான் வேண்டும். வேறு பல எறும்பு இனங்களில் அந்தப் புழு தன்னைச் சுற்றி உறை பின்னிக்கொள்ளும். கெரெங்காக் குழந்தைக்கு அப்படித் தனி உறை இல்லை. தன் நூலையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்குள்ளேயே வெற்றுடம்போடு உருமாறும். கெரெங்காவின் வாழ்க்கையில் இதைவிட வியப்பான இடம் வேறில்லை என்றே சொல்லலாம்.

கூடு எப்போதும் நிலைப்பதில்லை. இலை காய்ந்து பழுப்பாகிச் சுருண்டால் பட்டுத்திரை கிழியும். அப்போது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு புதுக் கூட்டுக்குப் போய்விடும். பெரிய குடும்பத்தில் 5 லட்சம் எறும்புகள்வரை இருக்கலாம். ஒரே அரசிதான், கூடுகளோ பல மரங்களில் பரவியிருக்கும்.

இனி அதன் கால். கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கும் ஒரு கெரெங்கா 500 மில்லிகிராம் எடையைத் தாடையில் தூக்கியிருக்கும் புகைப்படம் ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டது. அது எறும்பின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல். பாதத்தில் இரண்டு நகங்களுக்கு நடுவே மெத்தென்ற திண்டு ஒன்று இருக்கிறது. காலை உடம்பை நோக்கி இழுத்தால் திண்டு விரிந்து, மெல்லிய ஈரப்படலத்தோடு பரப்பில் ஒட்டிக்கொள்ளும். காலை முன்னே தள்ளினால் கழன்றுவிடும். தாய்லாந்தில் கெரெங்காக் கூடுகளைச் சேகரிப்பவர்கள் கைகளில் மாவைப் பூசிக்கொள்வார்கள். மாவுத்தூள் திண்டில் அப்பிக்கொண்டால் பிடிமானம் போய், எறும்பு வழுக்கி விழும்.

பார்க்கப் போகும்போது கூட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மரத்திலோ வேலியிலோ சாய வேண்டாம், அவை நடக்கும் பாதை அதுதான். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே திரை நன்றாகத் தெரியும். கெரெங்காவுக்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, வயிற்றின் நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைக் காயத்தில் பீய்ச்சும். எரிச்சல் அதனால்தான். எறும்பைத் தட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

வரிசையில் சேராமல் ஓர் இலையில் தனியாக ஒரு ‘கெரெங்கா’ நின்றால், அதை நன்றாகக் கவனியுங்கள். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும். கால்களை எண்ணினால் எட்டு வரும்! அது எறும்பைப்போலவே உருவம் கொண்ட எறும்புச் சிலந்தி. ஆண் சிலந்தியின் தாடை மிக நீளம், அதனால் ஓர் எறும்பு இன்னொன்றைத் தூக்கிப்போவதுபோலத் தோன்றும். இலையை லேசாக ஆட்டினால் கெரெங்காவைப்போல எதிர்த்து நிற்காது, நூல் விட்டுக் கீழே இறங்கிவிடும்.